கட்டாத மாடிக்குப் போகும் வழி

நாலே தெருக்கள் கொண்ட தேரிக்குளத்தில், இன்னும் கட்டாத மாடிகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்ற விஷயம் முதலில் தெரிந்தது எப்சிபாவுக்குத்தான். அதுவும் அவள் தேடிப்போய்க் கண்டுபிடித்ததல்ல, கேபிள் ஆபீஸில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபோது, ரெண்டாம் தெரு ஆறாம் வீட்டின் மூன்றாவது மாடியில் யாரோ காலையிலிருந்து இன்டர்நெட்டில் சினிமாவாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அந்த வீட்டுக்கு மாடி ரெண்டுதான். மூன்றாவது இருக்கவேண்டிய இடத்தில் கம்பிகள்தான் நின்றன.

தேரிக்குளத்தில் வீட்டை யாரும் கட்டி முடிப்பதில்லை. இருக்கிற வசதிக்கு ஒரு மாடியோ ரெண்டு மாடியோ எழுப்பி, பால் காய்ச்சிக் குடியேறி, தூண்களின் கம்பிகளை மட்டும் வெட்டாமல் மொட்டைமாடிக்கு மேலே நீட்டி விட்டுவிடுவார்கள். மகன் துபாயில் கால் ஊன்றும்போது, மகளுக்கு மாப்பிள்ளை அமையும்போது, வாழைத்தார் நல்ல விலைக்குப் போகும்போது, அதன்மேல் இன்னொரு மாடி வந்து உட்காரும் என்பது நம்பிக்கை. துருப்பிடிக்காமலிருக்க அந்தக் கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசுவார்கள், தலையில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள், யாராவது கம்பியை வெட்டினால் அவன் வீட்டில் என்னவோ நடந்துவிட்டது என்று விசாரிக்கப் போவார்கள். வீட்டுக்கு எத்தனை மாடி என்று கேட்டால் அந்தக் கம்பியையும் சேர்த்துத்தான் எண்ணிக்கை சொல்வார்கள்.

கேபிள் ஆபீஸ் லைன்மேன் கொம்பையா இன்டர்நெட் லைன் கொடுக்க வீடுவீடாகக் கணக்கெடுக்கப் போனபோதும் அதுதான் நடந்தது. "ரெண்டு மாடி இருக்கு, மூணாவது தை மாசம் வந்துரும், மூணுன்னே போட்டுக்கடே" என்றார்கள். இல்லாத மாடியை எழுதமாட்டேன் என்று சொன்னால் அந்த வீடு விளங்காமல் போகட்டும் என்று வாய் வைத்த மாதிரி ஆகிவிடும், ஆகவே கொம்பையா மூன்று என்றே எழுதினான், எழுதியதோடு நிற்காமல், பிறகு சுவரை உடைத்துக்கொண்டிருக்க முடியாது என்று ஒயரையும் மேலே இழுத்து, பச்சை விளக்கு வைத்த சின்ன இன்டர்நெட் பெட்டியை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக் கம்பியில் கட்டிவிட்டு வந்தான். ஊர் முழுக்க அப்படித்தான். அவன் கொண்டுவந்து கொடுத்ததை எப்சிபா ஒரு வார்த்தை கேட்காமல் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினாள், ஏனென்றால் அவளும் தேரிக்குளத்துக்காரி.

அவள் எழுதிய புரோகிராமுக்கு ஏஜென்ட் என்று பெயர். அதன் வேலை பதில் சொல்வது. கேள்வி கேட்கிறது இன்னொரு புரோகிராம். தேரிக்குளத்துக்கு லைன் தருகிற மெட்ராஸ் கம்பெனியில் அது உட்கார்ந்திருக்கிறது, மேனேஜர் என்று அதற்குப் பெயர், பெயருக்குத் தகுந்த மாதிரி அதற்கு ஊரைப்பற்றி ஒன்றும் தெரியாது. எத்தனை தெரு, எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த வீட்டுக்கு எத்தனை மாடி, எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி: இதற்கு அடுத்தது எது? முதல் தெரு, முதல் வீடு, தரைத்தளம் என்று ஏஜென்ட் தொடங்கி வைத்தால், இதற்கு அடுத்தது எது என்று கேட்கும். அதே வீட்டின் முதல் மாடி என்றால், அதற்கு அடுத்தது எது என்று கேட்கும். மாடிகள் தீர்ந்ததும் வீடு ஒன்று ஏறி மாடி மறுபடி தரைக்கு இறங்கவேண்டும், வீடுகள் தீர்ந்ததும் தெரு ஒன்று ஏறி வீடு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும், தெருக்களும் தீர்ந்தபிறகுதான் முடிந்தது என்று சொல்லலாம், அதுவரை ஒரு வீட்டைத் தாண்டக்கூடாது, ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவை போகக்கூடாது. எப்சிபா அதை ஒரு பிசகும் இல்லாமல் எழுதியிருந்தாள். அந்த மாடி கட்டியாகிவிட்டதா என்று கேட்கிற ஒரு வரிதான் அதில் இல்லை.

"போய்ப் பாத்துட்டு வா" என்று கொம்பையாவை அனுப்பினாள்.

அவன் நேராக அந்த வீட்டுக்குப் போய், மொட்டைமாடி ஏறி, திரும்பி வந்தான். "தண்ணித்தொட்டி இருக்கு, ரெண்டு காக்கா இருக்கு, நம்ம பெட்டி இருக்குக்கா. பச்சை லைட்டு மினுங்குது. ஆள் கிடையாது."

எப்சிபாவுக்கு ஒன்று புரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. நாற்பது வயது தாண்டியும் அந்தக் குணம் போகவில்லை. யோசித்துப் பார்த்து, மறுநாள் காலையில் அவனிடம் சொன்னாள்: "எம்புரோகிராம் எப்படிப் போகுதோ அப்படியே நீயும் போ. முத தெரு முத வீட்டுல ஆரம்பி. ஒவ்வொரு மாடியா ஏறி, உங்களுக்கு அடுத்தது யாருன்னு கேளு. அவிய சொல்லுத இடத்துக்குப் போ. நீயா ஒரு இடத்துக்கும் போவாத."

மத்தியானம் கழித்து வந்தவன், முகம் கழுவி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தான். "மூணாவது மாடிக்குப் போயிட்டு வந்துட்டேன்க்கா. சிக்னல் நல்லா இருக்கு."

"எப்படிப் போன?"

"படி இருந்துச்சு."

"யாரு இருந்தாவ?"

"உள்ளறையில இருந்தாவ போல. பேச்சுச் சத்தம் கேட்டுது, டிவி ஓடிக்கிட்டுக் கிடந்துது, மேசையில காப்பி வச்சிருந்தாவ. குடிச்சிட்டு வந்தேன். சீனி கொஞ்சம் தூக்கல்." பிறகு நினைவு வந்தவனாக, "போற வழியிலயும் அந்த மாதிரி அஞ்சாறு மாடி இருந்துச்சுக்கா. எல்லாத்துலயும் சிக்னல் பாத்துட்டேன்" என்றான்.

விஷயம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஆறாம் வீட்டு அரிசிக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் மொட்டைமாடிக்கு ஓடினார். தொட்டியும் காக்காயும்தான் இருந்தன. நேராகப் போகிறவனுக்கு அந்த மாடி கிடையாது, முதல் தெரு முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டே வருகிறவனுக்குத்தான் படி மேலே போகும் என்று தெரிந்தபோது, இதிலென்ன இருக்கிறது, கேட்டுக்கொண்டே போனால் போச்சு என்று மறுநாளே கிளம்பிவிட்டார். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம், சம்சாரத்துக்குப் பின்னால் கொழுந்தியாள், கொழுந்தியாளுக்குப் பின்னால் வேலை இல்லாத பாதி ஊர். அன்றிலிருந்து இட்லி சாப்பிட்டானதும் முதல் வீட்டு வாசலில் கூட்டம் கூடுவது தேரிக்குளத்தில் வழக்கமாகிவிட்டது. முதல் வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, அடுத்தது யார் என்பதை அழகான எழுத்தில் அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டுப் பார்த்தார். செல்லவில்லை. அட்டையைப் படித்துவிட்டுப் போனவர்களுக்கு எந்தப் படியும் கிடைக்கவில்லை, வாய் திறந்துதான் சொல்லவேண்டியிருந்தது.

ஊர் அதற்கு எப்படிப் பழகியது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், அங்கே இருந்தவர்களுக்கு ஆச்சரியப்பட நேரம் இருக்கவில்லை. மேலே போனவர்கள் முதலில் டைல்ஸ் நிறத்தைத்தான் பார்த்தார்கள். அந்த நிறம் வேண்டாமென்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கணவனும் மனைவியும் இல்லாத மாடியில் நின்று சண்டை போட்டார்கள், கீழே வந்து சமாதானமாகி வேறு நிறம் என்று முடிவெடுத்தார்கள், அடுத்த நாள் போனால் மேலே வேறு நிறம் இருந்தது. சமையலறை தென்மேற்கில் இருக்கிறதே என்று மனக்கஷ்டப்பட்டவளுக்கு அது மறுநாள் தென்கிழக்குக்கு நகர்ந்து கொடுத்தது. மிளகாய் வற்றலைக் கொண்டுபோய் மேலே காயவைத்தவர்கள், அதை எடுக்க மறுபடி முதல் தெருவிலிருந்து நடக்கவேண்டும் என்பதை மறந்துபோய்த் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு பெண்பார்க்கும் சடங்கே அங்கே நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மாடி ரொம்பப் பிடித்துப்போய், பெண்ணைப்பற்றிப் பேச மறந்துவிட்டார்கள். வீட்டுவரி போடவந்த பஞ்சாயத்து கிளார்க்கை, நேரா போனா ஒண்ணுமே தெரியாது சார், நடந்து வாங்க என்று கூட்டிப்போனார்கள். வீட்டுக்கு வீடு காப்பி கொடுத்ததில் ரெண்டாம் தெரு முடிவதற்குள் வயிறு கலங்கி, பிறகு வருகிறேன் என்று போனவர்தான்.

மேலே குடியிருந்தவர்களை யாரும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. எந்த அறைக்குப் போனாலும் அவர்கள் அதற்கு அடுத்த அறையில் இருந்தார்கள். குக்கர் விசில் கேட்கும், கொலுசுச் சத்தம் கேட்கும், யாரோ யாரையோ குளிக்கப் போகச்சொல்லி விரட்டுவது கேட்கும், வந்தவர்களுக்கு மேசையில் காப்பி இருக்கும். எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் எல்லாரும் கவனித்தார்கள். மூன்றாம் தெருவில் ஒருவர், மகன் இனி ஊருக்கு வரமாட்டான் என்று மனம் வெறுத்து, மாடியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஒருநாள் சொன்னார். மறுநாள் அவர் வீட்டுக் கம்பிகள் வெறும் கம்பிகளாக நின்றன, எத்தனை நடந்தும் படி வரவில்லை. ஆக, அந்தந்த வீட்டில் யாராவது ஒருவர் அந்த மாடியை ஆசைப்படுகிற வரைக்கும்தான் அது இருந்தது.

எப்சிபாவை உறுத்தியது அங்கேதான். திரையில் தினமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்: நாலாம் தெரு, பன்னிரண்டாம் வீடு, முதல் மாடி. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பெட்டி உயிர் பிடிக்கும், விளக்கு வைக்கும் நேரம்வரை ஓடும். அது அவள் வீடு. அதில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள், தரைத்தளத்தில், அதுவும் பாதி வீட்டில். மாடி கட்டவேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பிறகு யார் ஆசைப்படுகிறார்கள்? யார் அங்கே நாலு மணிக்கு வந்து உட்காருகிறார்கள்?

மற்ற பாதி வீடு அவள் அண்ணன் ஜெபசிங்குடையது, பதினோராம் எண். அப்பா ஞானசிகாமணி அதை ஒரே வீடாகத்தான் கட்டினார், மேலே எல்லாத் தூண்களுக்கும் கம்பி விட்டு, பெரிய ஹாலாக ஒன்று போட்டுவிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சொல்லிக்கொண்டே இறந்துபோனார். பாகம் கேட்டு எப்சிபா அண்ணனுக்கு ரிஜிஸ்டர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். வாய் திறந்து கேட்டிருந்தால் முழுசையும் கொடுத்திருப்பேன் என்று அவன் ஊரெல்லாம் சொன்னான், கேட்கப் போனபோதெல்லாம் கதவைச் சாத்தினவன் யார் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள், கடைசியில் வீட்டின் நடுவே தரையிலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிவரை ஒரு சுவர் எழும்பியது. ஏழெட்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

ஆகவே ஒவ்வொரு நாளும் கூட்டம் பதினோராம் வீட்டு வாசலில் வந்து நின்றுபோனது. மூன்றாம் தெருவில் மூஞ்சியில் முழிக்காத ஓரகத்திகள்கூட, "அடுத்து அந்தக் கருவாட்டுக்குழம்பு வீடு" என்று எப்படியோ சொல்லிவிட்டார்கள், அதுவே செல்லுபடியாகியது. ஜெபசிங் அதுவும் சொல்லவில்லை. "எனக்கு அடுத்து யாரும் கிடையாது" என்பான், கதவைச் சாத்துவான். அவ்வளவுதான், அதற்கப்பால் வழி அறுந்துவிடும். எப்சிபா வீட்டுக்கு அப்பாலிருந்த ரெண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் மாடியை ஒருதடவைகூடப் பார்க்கமுடியாமல் அவளிடம் வந்து புலம்பினார்கள். "ஒங்க அண்ணன்ட்ட நீ ஒரு வார்த்தை பேசக்கூடாதாம்மா?" என்பார்கள். நான் எதற்குப் பேசவேண்டும் என்று அவள் விறைத்துக்கொண்டாள். நாலு மணியானால் மட்டும் அவள் கண் திரைக்குப் போனது.

இப்படி இருக்கையில்தான் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கேபிள் ஆபீஸ் முதலாளி தவசிக்கனி அண்ணாச்சி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, எப்சிபாவின் மேசைக்கு வந்து நின்றார்.

"நம்ம ஊர்ல முகவரியே இல்லாத இடத்துலல்லாம் கனெக்‌ஷன் ஓடுதாம். மாசக் கடைசிக்குள்ள ஒழுங்கு பண்ணலைன்னா மொத்த ஊருக்கும் லைனை அறுத்துருவாவளாம். ஒன்னால சரிபண்ண முடியுமாட்டி?"

"முடியும் அண்ணாச்சி. ஒரு வரிதான். கட்டாத மாடின்னா தாண்டிப் போன்னு எழுதணும்."

"எழுதினா?"

"யாரும் அங்கன போகமுடியாது."

அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார். அவருக்கும் ஒரு மாடி இருந்தது. அதில், வெளியூரில் இருக்கிற அவர் மகளின் குடும்பம் பேசிக்கொள்வதைக் கேட்க நாள் தவறாமல் நடந்துகொண்டிருந்தார். "கடைசி நாள்வரைக்கும் பொறுத்துச் செய்" என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாள் காலையில் எப்சிபா நடக்கக் கிளம்பினாள். தான் எழுதிய புரோகிராம் தினமும் கண்மூடித் திறப்பதற்குள் போய்வருகிற வழியை அவள் காலால் நடப்பது அதுதான் முதல் தடவை. டிராயிங் மாஸ்டரிடம் தொடங்கி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, உங்களுக்கு அடுத்தது யாரு, உங்களுக்கு அடுத்தது யாரு என்று கேட்டுக்கொண்டே போனாள். தன் திரையில் வெறும் மூன்று எண்களாக இருந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாசல் இருந்தது, வாசலில் செருப்பு இருந்தது, உள்ளே பல்விளக்கிக்கொண்டோ பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டோ ஒரு ஆள் இருந்து, கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டின் பெயரைச் சொன்னது. இல்லாத மாடிகளில் வைத்திருந்த காப்பியையெல்லாம் குடித்தாள். இன்று சாயங்காலத்துக்குமேல் இந்த ஃபேன்களின் சத்தம் இருக்காது, அதைத் தன் கையாலேயே நிறுத்தப்போகிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் துக்கமாக இருந்தது. அவளுக்குப் பின்னால், கடைசி நாள் என்பதால், ஊரே வந்துகொண்டிருந்தது.

நாலாம் தெரு பதினோராம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலாகப் போகிறது. ஜெபசிங் பனியனோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் தங்கையைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தான், அவன் சம்சாரம், எப்சிபாவின் மைனி, கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க" என்றாள், குரலை உயர்த்தாமல்.

எப்சிபா கேட்டாள், "உங்களுக்கு அடுத்தது யாரு?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். ஜெபசிங் கூட்டத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மேலே பார்த்தான்.

"அடுத்து எம்மாடி" என்றான் வீம்பாக. "கம்பி நிக்குல்லா, தெரியலையா?"

தவறில்லை. ஒரு வீட்டின் மாடிகள் தீர்ந்த பிறகுதான் அடுத்த வீடு. எண் வரிசைப்படி அவன் சொன்னது சரியான பதில்தான், இத்தனை நாளும் யாரும் இல்லை என்று அவன் சொல்லிவந்ததுதான் தப்பு. பதில் சொன்னதும் படி மேலே போனது. ஊர் முழுக்கத் தங்கள் மாடியைப் பார்த்துவிட்டு வந்து பீற்றிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்து உட்கார்ந்திருந்தவன் அவன், வீம்புக்காக ஒருநாளும் கூட்டத்தோடு சேராதவன். படியைக் கண்டதும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எப்சிபாவுக்கு முன்னால் ஏறினான். மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ, கீழேயே நின்றுகொண்டார்கள்.

மேலே ஒரு ஹால் இருந்தது. பதினோராம் வீட்டில் தொடங்கிப் பன்னிரண்டாம் வீட்டின் மறுகோடிவரை ஒரே ஹால். நடுவில் சுவர் இல்லை. தரை பாதி மொசைக், பாதி சிவப்புச் சிமெண்டு பூசி மினுமினுவென்று தேய்த்தது. மொசைக் ஜெபசிங்கின் ஆசை, சிவப்புத் தரை எப்சிபா சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது, ரெண்டும் சேருகிற இடத்தில் ஒரு நூல் இடைவெளி இல்லை. எப்சிபா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சிவப்பில் கால் வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. யார் ஆசைப்படுகிறார்கள் என்று இத்தனை நாளாகத் திரையைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, தான்தான் என்பது உள்ளங்காலில் தெரிந்தது. தானும், பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற இவனும்.

மேசையில் ரெண்டு தம்ளர் காப்பி இருந்தது. உள்ளறையில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் சத்தம், அதற்குமேல் ரெண்டு வயதானவர்களின் குரல். ஒன்று பல் போன ஆண்குரல், மற்றது பெண்குரல்.

"ஃபேனை அணை, குளிருது."

"நீ எந்திச்சு அணை. எனக்கு முட்டு வலி."

"முட்டு வலிக்கிறவ, பக்கத்து வீட்டுக்கு எவளாவது ரிஜிஸ்டர் தபால் அனுப்புவாளாட்டி?"

"கதவைத் தெறந்து வச்சிருந்தா கையிலயே தந்திருப்பேன்."

"இன்னும் அதையே சொல்லுதா பாரு."

"ஆரம்பிச்சது யாரு? முறுக்கை இங்கன தள்ளு. படத்தைப் பாக்க விடு."

ஜெபசிங்குக்கு முகம் போன போக்கைப் பார்த்து எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது, ரெண்டையும் அவள் மறைக்கவில்லை. நாலு மணிக்கு உயிர்பிடிக்கிற பெட்டி, உள்ளே, கதவுக்கு மேலே பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள், அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள், கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"உங்களுக்கு அடுத்தது யாரு?"

ஜெபசிங் ஏறிவந்த படியைத் திரும்பிப் பார்த்தான். உள்ளறையில் படத்தின் சத்தம் நின்றது.

"ஏல," என்றது பல் போன குரல், எரிச்சலாக. "கேக்காள்லா. சொல்லித் தொலையேம்ல. படம் நிக்குது."

"எனக்கு அடுத்து," என்றான் ஜெபசிங், தரையைப் பார்த்துக்கொண்டு, "எந்தங்கச்சி."

படம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் வந்த வழி இறங்கவில்லை. ஹாலின் மறுகோடியில் இன்னொரு படி கீழே போனது, அதில் ரெண்டு பேரும் இறங்கி எப்சிபாவின் சமையலறைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். "சுவத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளையடிக்கவே இல்லையா நீ?" என்றான் ஜெபசிங், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

கீழே நின்ற கூட்டத்துக்குப் பதில் கிடைத்த விஷயம் எப்படியோ தெரிந்து, எல்லாரும் அவள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பதிமூன்றாம் வீட்டுக்காரர் முன்னால் நின்று ஆசையோடு கேட்டார்: "ஒங்களுக்கு அடுத்தது யாரும்மா?"

எப்சிபா வாயைத் திறந்தாள், அப்போதுதான் அவருடைய பெயர் தனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. தினமும் வந்து புலம்பிவிட்டுப் போன மனுஷர். ஊரில் யாருக்கு அடுத்து யார் என்று ஒரு பிசகில்லாமல் எழுதினவள், பதிமூன்று என்பதற்குமேல் ஒன்றும் சொல்லமுடியாமல் நின்றாள்.

"பொன்னுத்தொரை வீடுட்டி" என்றான் பின்னாலிருந்து ஜெபசிங், மெதுவாக. "கருப்பட்டி யாவாரம்."

"பொன்னுத்தொரை அண்ணாச்சி வீடு" என்றாள் அவள், வெட்கத்தோடு.

பொன்னுத்துரைக்குப் பிறகு கடைசி வீடு, கடைசி வீட்டின் கட்டாத மாடி, அதோடு ஊர் முடிந்தது. தேரிக்குளம் முதன்முறையாக முழுசாக நடந்து முடிக்கப்பட்டது அன்றுதான். எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

எப்சிபா ஆபீஸுக்குப் போய் அந்த ஒரு வரியை எழுதினாள். எழுதி முடித்ததும் திரையிலிருந்து ஒவ்வொரு மாடியாகப் போயிற்று. ரெண்டாம் தெரு ஆறாம் வீட்டு மூன்றாவது மாடி போயிற்று, அண்ணாச்சியின் மகள் மாடி போயிற்று, நாலாம் தெரு பன்னிரண்டாம் வீட்டு முதல் மாடியும் போயிற்று. மெட்ராஸிலிருந்த மேனேஜர் முதல் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தது. நாலு, பதினொன்று, தரைத்தளம். இதற்கு அடுத்தது எது? நாலு, பன்னிரண்டு, தரைத்தளம் என்றது ஏஜென்ட், இடையில் ஒன்றும் இல்லாமல். கொம்பையா கம்பிகளில் கட்டிய பெட்டிகளைக் கழற்றப் போனான். பாதிக்குமேல் கழற்றவில்லை, அடுத்த தை மாசம் திரும்பக் கட்டுவதற்கு யார் அலைவது என்று விட்டுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து எப்சிபா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபசிங், வாளியில் சிமெண்டுப் பால் கரைத்து வைத்துக்கொண்டு, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தன் கம்பிகளுக்குப் பூசிக்கொண்டிருந்தான். அவள் வந்ததைப் பார்க்காத மாதிரி வேலையைச் செய்தான். தன் பக்கத்துக் கம்பிகள் முடிந்ததும், வாளியைச் சுவர்மேல் தூக்கி வைத்து, அந்தப் பக்கமிருந்தே கையை எட்டி, அவளுடைய முதல் தூண் கம்பிக்கும் பூசத் தொடங்கினான். நன்றாகத் துருவேறிப் போயிருந்தது அது. பூசிக்கொண்டே, கம்பியைப் பார்த்துச் சொன்னான்:

"பக்கத்து வீட்டுக்கு எவளாவது ரிஜிஸ்டர் தபால் அனுப்புவாளாட்டி?"

எப்சிபா உதறிக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். என்ன பதில் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் எத்தனையோ வருஷத்துக்குச் சொல்லவேண்டிய பதில்.

"கதவைத் தெறந்து வச்சிருந்தா கையிலயே தந்திருப்பேன்" என்றாள், வாளியை இறக்கக் கை நீட்டினாள்.